பேசினால் காதில் விழுமா? பெற்றோருக்கான ஓர் இலவசத் தொகுப்பை ஈராண்டு பயன்படுத்திய பிறகு

நியூ ஜெர்சியில், எடிசனை ஒட்டிய எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், தமிழ்ப் பள்ளியின் விடுமுறைப் பட்டியலுக்கும் பல் மருத்துவமனையில் கொடுத்த காந்தத்துக்கும் நடுவே, என் கையெழுத்தில் ஐந்து வரிகள் எழுதிய தாள் ஒன்று ஈராண்டாக ஒட்டியிருக்கிறது. மூலையில் சாம்பார்க் கறை. மது, கஞ்சா, வேப் எனும் மின்சிகரெட், மாத்திரை ஆகியவற்றின் பக்கம் பிள்ளைகள் போகாமலிருக்க அவர்களோடு எப்படிப் பேசுவது என்று பெற்றோருக்குச் சொல்லித்தர அமெரிக்க அரசு வெளியிட்டிருக்கும் 'டாக். தே ஹியர் யூ.' என்ற தொகுப்பிலிருந்து நான் தமிழில் எழுதிவைத்த வரிகள் அவை. 'பேசுங்கள், அவர்கள் காதில் விழுகிறது' என்பது அந்தப் பெயரின் பொருள். பையனுக்கு இப்போது பதினைந்து வயது, பெண்ணுக்குப் பன்னிரண்டு. இந்த நாட்டில் பிள்ளை வளர்க்கும் தோழிகள் சிலர், அது உண்மையிலேயே உதவுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், பயன்படுத்திப் பார்த்ததை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். மத்திய சுகாதாரத் துறையின் கீழ், போதைப் பழக்கம், மனநலம் ஆகிய இரண்டுக்குமான சேவைகளைக் கவனிக்கும் அமைப்புக்குச் 'சாம்ஸா' என்று பெயர். அந்த அமைப்பு 2013-இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது நோக்கம் மதுவோடு நின்றிருந்தது. சட்டப்படி மது வாங்கும் வயதான 21-ஐ எட்டாத பிள்ளைகள் குடிக்கத் தொடங்காமல் பார்த்துக்கொள்வதே குறி. கஞ்சாவும், அபின் வகையைச் சேர்ந்த ஒப்பியாய்ட் வலி மாத்திரைகளும் பிற்பாடு சேர்ந்தன. தொலைக்காட்சி, வானொலி விளம்பரங்களும் சுவரொட்டிகளும் ஊருக்கானவை. துண்டறிக்கைகள், கைப்பேசிச் செயலி, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்திடும் குடும்ப உடன்பாட்டுத் தாள் ஆகியவை வீட்டுக்கானவை. நான் எழுதுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பற்றி. விலை எதுவும் கிடையாது. 2025 மார்ச்சில் சாம்ஸாவை வேறு அமைப்புகளோடு இணைத்து ஒரே நிர்வாகமாக்கப் போவதாகச் சுகாதாரத் துறை அறிவித்தது. வேண்டிய தாள்களை இறக்கிச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது என்று அன்றே செய்துவைத்தேன்.

தொகுப்பின் நடுத்தண்டு அந்த ஐந்து வரிகள்தான். பிள்ளை குடிப்பதையோ போதைப்பொருள் தொடுவதையோ நீங்கள் ஏற்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்களுடைய உடல்நலத்திலும் நல்வாழ்விலும் உங்களுக்கு அக்கறை இருப்பதைக் காட்டுங்கள். இவற்றைப் பற்றி நம்பிக் கேட்கக்கூடிய ஆள் நீங்கள்தான் என்று அவர்களுக்குத் தோன்றும்படி இருங்கள். கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை உணர்த்துங்கள். யாராவது நீட்டும்போது மறுத்து விலகுவதற்கான வழிகளைக் கற்றுக்கொடுங்கள். கூடவே இரண்டு செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்பது வயது வாக்கிலேயே மது பெரியவர்களுக்கு மட்டுமானதா என்று பிள்ளைகள் யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது ஒன்று. உட்கார வைத்து ஒரே மூச்சில் பேசித் தீர்ப்பதைவிட, அவ்வப்போது நாலு வார்த்தையாகப் பலமுறை பேசுவதே பலன் தரும் என்பது மற்றொன்று.

அந்தத் தாளை நான் ஒட்டிய வாரத்தில் மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "பச்சப்புள்ளைககிட்ட இதையெல்லாம் எதுக்குடி பேசுற? தெரியாததைத் தெரிய வச்சிட்டு அப்புறம் குத்துதே குடையுதேன்னு அழவா?" என்றார். இந்தத் தொகுப்பைப் பார்க்கும் தமிழ்ப் பெற்றோர் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதையே வேறு சொற்களில் சொல்வார்கள் என்பதால், அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதைவிட, அமெரிக்காவின் போதைத் தடுப்பு விளம்பர வரலாற்றைப் புரட்டினால் அம்மாவின் பக்கம் பாதி நியாயம் இருப்பது தெரிகிறது.

எண்பதுகளில், வேண்டாம் என்று சொல்லிவிடு என்ற முழக்கத்தை அதிபர் ரேகனின் மனைவி நான்சி ரேகன் நாடெங்கும் கொண்டுபோனார். 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காவலர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தும் 'டேர்' திட்டம் தொடங்கி, நாட்டின் பெரும்பாலான பள்ளி மாவட்டங்களுக்குப் பரவியது. 1987-இல், சூடான வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றி, போதைப்பொருள் எடுத்தால் உன் மூளையும் இப்படித்தான் என்று காட்டிய விளம்பரம் வந்தது; இங்கே அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். டேர் வகுப்பில் உட்கார்ந்த மாணவருக்கும் உட்காராத மாணவருக்கும் பழக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று தொண்ணூறுகளில் வந்த ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டின. பிறகு 1998-இல் மத்திய அரசே ஏறத்தாழ நூறு கோடி டாலர் செலவில் இளையோருக்கான விளம்பரப் பிரசாரம் ஒன்றை நடத்தியது. 2004 வரையிலான அதன் விளைவுகளை ராபர்ட் ஹார்னிக்கும் உடன் ஆய்வாளர்களும் மதிப்பிட்டு 2008-இல் வெளியிட்டார்கள். கஞ்சாவைத் தடுப்பதில் அந்த விளம்பரங்கள் பலன் தந்ததாகத் தெரியவில்லை என்பதோடு, சில கணக்குகளில் எதிர்விளைவின் அறிகுறிகளும் இருந்தன. அதற்கு அவர்கள் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று, இத்தனை விளம்பரம் வருகிறதென்றால் ஊரில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள் போலும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது. தெரியாததைத் தெரிய வைப்பது என்று அம்மா சொன்னது இதைத்தானே?

ஆனால் பொதுப் பிரசாரம் எல்லாமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் தொடங்கிய புகையிலைத் தடுப்புப் பிரசாரம், 2016 வரையிலான காலத்தில் 11 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 5,87,000 பேர் வரை புகைக்கத் தொடங்காமல் தடுத்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. சாவையும் புற்றுநோயையும் காட்டி மிரட்டுவதற்குப் பதிலாக, பல் கறையாவது, தோல் சுருங்குவது, சிகரெட் சொன்னபடி தான் ஆடவேண்டியிருப்பது என்று பதினாறு வயதுக்காரருக்கு உறைக்கும் விஷயங்களை அது பேசியது. எதைச் சொல்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அந்த வகையில் நான் பரிசோதிக்கும் தொகுப்பு மிரட்டலைத் தவிர்த்திருப்பது பாராட்டத்தக்கது. வாணலியும் இல்லை, மண்டையோடும் இல்லை. அம்மாவிடம் நான் சொன்ன பதிலும் இதையொட்டியதே: பள்ளிக் கழிவறையில் வேப் புகை நிற்கிறது, நெடுஞ்சாலை ஓரத்தில் கஞ்சாக் கடை இருக்கிறது, தெரிந்துகொள்வது என்னவோ நடந்து முடிந்துவிட்டது; யாரிடமிருந்து தெரிந்துகொள்கிறார்கள் என்பது ஒன்றுதான் இன்னும் நம் கையில் இருக்கிறது.

கஞ்சாக் கடை என்று நான் சொல்வதை ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். நியூ ஜெர்சியில் 21 வயது நிரம்பியவர்களுக்கான கஞ்சா விற்பனை 2022 ஏப்ரல் 21 அன்று சட்டப்படி தொடங்கியது. பளிங்கு போலத் துடைத்த கண்ணாடிக் கதவும் பச்சை விளக்குமாக, நகைக்கடைக்குத் தங்கை போல இருக்கும்.

இனி என் அனுபவம். முதல் முயற்சி படுதோல்வி. பேசிப் பழகும் பகுதியைச் செயலியில் பார்த்துவிட்டு, அதில் சொல்லியிருந்ததற்கு நேர்மாறாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சியை அணைத்து, பையனைச் சோபாவில் உட்கார வைத்து நாற்பது நிமிடம் பேசினேன். அவன் பதினொரு முறை "ஓகே" என்றான். எண்ணிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் புத்தகம் வாசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்த தங்கை.

அதற்குப் பிறகுதான் சின்னச் சின்னப் பேச்சு என்ற அறிவுரையின் அருமை விளங்கியது. வாரம் மூன்று நாள் நீச்சல் பயிற்சிக்கு அவனை நான்தான் காரில் அழைத்துப் போகிறேன். இருவருமே சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. இறங்கும் இடம் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும் என்பதால் மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணமும் அவனுக்கு வருவதில்லை. ஒரு நாள் நடந்த பேச்சு முழுவதும் இவ்வளவுதான்:

"ஸ்கூல் பாத்ரூம்ல இப்பவும் வேப் வாசனை வருதாடா?"

"மாம்பழ வாசனை வரும்."

"அப்ப நீ என்ன பண்ணுவ?"

"ஜிம் பக்கத்துல இருக்கிற பாத்ரூமுக்குப் போயிடுவேன். அங்க கோச் ரூம் இருக்கு."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை, வானொலியைக் கூட்டினேன். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், புகை நிற்கும் இடம் அவனுக்குத் தெரியும் என்பதையும், விலகிப் போக அவனாகவே ஒரு வழி வைத்திருக்கிறான் என்பதையும் தெரிந்துகொண்டேன். சோபாவில் நாற்பது நிமிடம் பேசியபோது இதில் எதுவும் கிடைக்கவில்லை.

தொகுப்பின் மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்த தாள்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் இருந்தன. ஆங்கிலத்தில் பிள்ளைகளோடு பேசுவதில் நமக்குத் தடையில்லை என்று நினைப்போம். ஆனால் இந்த ஐந்து குறிக்கோள்களும் எழுதப்பட்டிருக்கும் முறை, பெற்றோர் வாய்விட்டுப் பாசத்தைச் சொல்லியும் கண்டிப்பைத் தயங்கித் தயங்கிச் சொல்லியும் பழகிய வீடுகளை மனத்தில் வைத்திருக்கிறது. நம் வீடுகளில் நிலைமை தலைகீழ். ஏற்கவில்லை என்று சொல்வதில் நமக்குப் பஞ்சமே இல்லை. சிப்ஸ் பாக்கெட்டிலிருந்து தலைமுடி வரை ஏற்காதவற்றின் பட்டியல் அவர்களுக்கு மனப்பாடம். கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்று உணர்த்துவதும் அப்படியே, மதிப்பெண் வரும் தளத்தை அவர்களுக்கு முன்னால் நாம் திறந்து பார்த்துவிடுகிறோம். பற்றாக்குறை மூன்றாவது வரியில்தான்: நம்பிக் கேட்கக்கூடிய ஆளாக இருப்பது. 'பெர்கோசெட் என்றால் என்ன' என்று, அந்த ஒப்பியாய்ட் வலி மாத்திரையைப் பற்றிப் பெண் என்னிடம் கேட்டபோது, "யார் சொன்னது? எங்கே பார்த்தாய்?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. பதிலைக் கடைசியில் அவள் அண்ணனிடம் தெரிந்துகொண்டாள். ஆகவே என் தாளில் மூன்றாவது வரியைச் சிவப்பு மையில் மறுபடி எழுதியிருக்கிறேன். தமிழ்ப் பெற்றோருக்கு இதைப் பரிந்துரைக்கும்போது அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

இதற்கு உதவியாக நான் வெளியிலிருந்து எடுத்துக்கொண்ட தகவல் ஒன்று, தொகுப்பில் இன்னும் முன்னால் வந்திருக்க வேண்டியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் மாணவர்களிடம் நடத்திவரும் கணக்கெடுப்பின்படி, 2024-இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரில் 67 சதவீதம் பேர் முந்தைய முப்பது நாட்களில் மது, கஞ்சா, சிகரெட், வேப் எதையும் தொடவில்லை. 2017-இல் அது 53 சதவீதம். பத்தாம் வகுப்பில் 80 சதவீதம், எட்டாம் வகுப்பில் 90. எல்லாரும் செய்கிறார்கள் என்ற வாதத்தை உடைப்பதற்கு இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. பையன் முதலில் நம்பவில்லை. பிறகு தன் நீச்சல் குழுவில் யார் யார் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, "கரெக்டாதான் இருக்கும்போல" என்றான்.

பிள்ளைகள் கேட்கும் சங்கடமான கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வது என்ற துண்டறிக்கையே தொகுப்பில் ஆகச் சிறந்தது. 'நீ சின்ன வயதில் குடித்திருக்கிறாயா' என்ற கேள்விக்கு மறைக்காமல் உண்மையைச் சொல்லி, அது ஆபத்தான செயல் என்பதையும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. 'நீங்கள் குடிக்கிறீர்களே, நான் ஏன் கூடாது' என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. இதை எங்கள் வீட்டில் கேட்டது பெண், கேட்கப்பட்டவர் என் கணவர்.

இங்குள்ள தமிழ் வீடுகளின் சனிக்கிழமை விருந்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேலே பெண்களும் பிள்ளைகளும் பிரியாணியும். கீழே பேஸ்மென்டில் ஆண்களும் கிரிக்கெட்டும் சிங்கிள் மால்ட்டும். ஒன்பது மணி வாக்கில் படிக்கட்டின் கீழிருந்து ஒரு குரல் வரும்: "தம்பி, அங்கிளுக்குக் கொஞ்சம் ஐஸ் எடுத்துட்டு வாடா." பத்து வயதுப் பிள்ளை ஐஸ் கிண்ணத்தோடு இறங்கிப் போவான். வாரம் முழுக்க நாம் சொல்லும் அறிவுரையை அந்தக் கிண்ணம் கரைத்துவிடும் என்று எனக்கு இந்தத் தொகுப்பை வாசிக்கும்வரை உறைத்ததே இல்லை. துண்டறிக்கை சொல்லித்தரும் விடை, வளரும் மூளைக்கும் வளர்ந்த மூளைக்கும் உள்ள வேறுபாட்டையும் 21 வயதுச் சட்டத்தையும் சார்ந்தது. விடை சரியானதுதான், என் கணவரும் அதை ஒழுங்காகவே சொன்னார். பெண் கேட்டுக்கொண்டுவிட்டு, குடும்ப உடன்பாட்டுத் தாளின் அடியில் இருந்த வெற்றிடத்தில் தன் கையால் இரண்டு வரி சேர்த்தாள்: அப்பா ஒரு கிளாஸ் குடித்தாலும் திரும்பும்போது அம்மாதான் கார் ஓட்ட வேண்டும், யாருக்கும் நாங்கள் ஐஸ் எடுத்துவர மாட்டோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்றுவரை மீறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தாளில் நாங்கள் சேர்த்த மற்றொரு விதி, ஐந்தாவது வரியிலிருந்து பிறந்தது. எங்காவது நிலைமை சரியில்லை என்று பிள்ளைக்குத் தோன்றினால், வாட்ஸப்பில் எனக்கு 'அம்மாச்சிக்கு மருந்து கொடுத்தாச்சா?' என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். உடனே நான் அழைத்து, அவசரம், கிளம்பி வா என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வேன். பழி என்மேல் விழும், நண்பர்கள் முன்னால் அவனுக்குத் தலைகுனிவு இருக்காது. அந்தச் செய்தி இதுவரை ஒரே ஒருமுறை, இரவு 10.40-க்கு வந்திருக்கிறது. அவன் காரில் ஏறிய பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு கேள்வி கிடையாது என்பதும் உடன்பாட்டில் எழுதியிருக்கிறது. வீடு வரும்வரை ஸ்டியரிங்கை நான் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

குறைகளுக்கு வருகிறேன். மதுவை மையமாக வைத்துப் பிறந்த திட்டம் என்பதன் சாயல் இன்னும் போகவில்லை. இன்றைக்கு இந்த நாட்டில் போதைப்பொருளால் இறக்கும் பதின்வயதினரைக் கொல்வது பெரும்பாலும் ஃபென்டனில், போலி மாத்திரைகளிலும் கலந்து வரும் கடும் வீரியமுள்ள ஒப்பியாய்ட். நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 10 முதல் 19 வயதினரிடையே மிகைப்போதை மரணங்கள் (அளவு மிஞ்சிய போதைப்பொருளால் நேரும் சாவுகள்) 2019-இன் பிற்பாதிக்கும் 2021-இன் பிற்பாதிக்கும் இடையில் இரு மடங்குக்கும் மேலாயின. பழக்கம் உள்ளவர்களின் எண்ணிக்கை கூடாமலேயே சாவு கூடியது. இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அருகில் யாரேனும் இருந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் எதுவும் செய்யவில்லை. மத்திய போதைத் தடுப்புக் காவல் அமைப்பு கைப்பற்றிச் சோதித்த போலி மாத்திரைகளில், உயிரைப் பறிக்கப் போதுமான இரண்டு மில்லிகிராம் ஃபென்டனில் இருந்தவை 2023-இல் பத்துக்கு ஏழு, 2024-இல் பத்துக்கு ஐந்து.

இது குடிகாரப் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்து என்று நினைத்து நம்மவர்கள் கடந்துபோவதுதான் எனக்குக் கவலை. நம் வீடுகளுக்குள் இது நுழையக்கூடிய வாசல் வேறு. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்கு முந்தின இரவு விழித்துப் படிக்க, கவனக் குறைபாட்டுக்கு மருத்துவர் தரும் ஆட்டரால் மாத்திரையை யாரிடமாவது ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வது நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளிடையேயும் நடக்கிறது. சமூக ஊடகத்தில் வாங்கிய மாத்திரை என்றால் அது எங்கே அச்சடித்ததோ யாருக்குத் தெரியும்? 'போதைக்காக' எடுப்பதை எச்சரிக்கும் தாள்கள், 'படிப்புக்காக' எடுப்பதை அதே அழுத்தத்தோடு பேசுவதில்லை. தொண்ணூற்றெட்டு வாங்கினால் மீதி இரண்டு எங்கே என்று கேட்கும் வீட்டுக்கு அந்தத் தாள்தான் முதலில் வர வேண்டும். இதில் நானும் கேட்டவள்தான்.

இந்தக் குறையை வெளியிலிருந்து நிரப்பிக்கொண்டேன். நியூ ஜெர்சியில் 2023 ஜனவரி முதல், திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருந்துக் கடைகளில், 14 வயது நிரம்பிய யாரும் பெயர் சொல்லாமல், காசு கொடுக்காமல், நலோக்சோன் மூக்குத் தெளிப்பானை வாங்கிக்கொள்ளலாம். ஒப்பியாய்ட் மிகைப்போதையில் மூச்சு நிற்கும் ஒருவரைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து அது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். மருந்தாளுநர் காய்ச்சல் மருந்து எடுத்துக் கொடுப்பதுபோல இரண்டு தெளிப்பான் கொண்ட பெட்டியை எடுத்துக் கொடுத்தார். காரின் முன் அறையில் இன்ஷூரன்ஸ் தாளோடு கிடக்கிறது. கணவருக்கு முழங்கால் அறுவைக்குப் பின் மிஞ்சிய வலி மாத்திரைகளை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் நாடு முழுவதும் நடக்கும் மருந்து திரும்பப் பெறும் நாளில் காவல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தோம். அது மூன்று ஆண்டாகக் குளியலறை அலமாரியில் இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

குடியேறிகளுக்கே உரிய மற்றொரு விஷயத்தை இந்தத் தொகுப்பில் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றாலும், எழுதாமல் விட மனமில்லை. மாநிலத்தில் கஞ்சா சட்டப்படியானது என்றாலும் மத்திய சட்டத்தில் இன்றும் குற்றம். கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை என எவருக்கும் அந்தத் தொடர்பு குடியேற்ற விண்ணப்பத்தைப் பாதிக்கலாம். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் குடியுரிமைக்கான நன்னடத்தைத் தகுதிக்கு அது தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வகுப்பில் உடன் படிக்கும் அமெரிக்கப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் விலை ஒன்றல்ல. இதை நான் பையனிடம் மிரட்டலாகச் சொல்லாமல், வீட்டு விசாக் கோப்பைத் திறந்து காட்டித் தகவலாகச் சொன்னேன். அவன் அதிகம் கேள்வி கேட்ட பேச்சும் அதுதான்.

செயலியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளையின் நலத்தைப் பற்றிய கேள்விகளுக்கு விடையளித்தால், உதவி தேவைப்படுமா என்று கோடிகாட்டி, எங்கே போகலாம் என்றும் சொல்லும் பகுதி பயனுள்ளது. மற்றவை தாள்களில் இருப்பவையே. கட்டணமில்லாத 1-800-662-4357 என்ற சாம்ஸா உதவி எண்ணை இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கலாம். அதைக் கைப்பேசியில் சேமித்து வைத்தால் போதும். மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு மூன்றரை தருவேன்: சங்கடக் கேள்விகளுக்கான துண்டறிக்கைக்கும் உடன்பாட்டுத் தாளுக்கும் முழு மதிப்பெண், மாத்திரைகளைப் பற்றிய இடத்தில் குறைத்துக்கொண்டேன். ஒன்பது வயது முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வாங்கி வைக்கலாம். ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்துவிட்ட பிள்ளைக்கு இது மருந்தல்ல. அங்கே மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. குடிப்பழக்கம் குடும்பத்தில் யாருக்கேனும் இருந்திருந்தால் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவைப்பது நல்லது, ஏனெனில் குடிநோய்க்கான ஆபத்தில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவது என்ற தகவலை, உடன்பாட்டுத் தாளை முடித்த கையோடு நான் கணவரிடம் வாசித்துக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார். என் சின்ன மாமா நாற்பத்தொரு வயதில் இறந்தார். மஞ்சக்காமாலை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். கீழாநெல்லி கொடுத்தும் கேட்கவில்லை என்பார்கள். நானும் இத்தனை வருடம் அதையே சொல்லி வந்திருக்கிறேன். "காமாலை தானா வரலை" என்று அம்மா பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு, சம்பளம் வாங்கிய அன்று தம்பியைத் தேடி மதுரையில் எந்தெந்தக் கடை வாசலில் போய் நின்றார் என்பதையெல்லாம், கீரையைப் பார்த்துக்கொண்டே, அரை மணி நேரம் சொன்னார். பேசக்கூடாது என்று வாதாடிய அதே அம்மா. பையன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

ஆகஸ்டில் பள்ளிக்கான உடல் பரிசோதனைக்குப் போனபோது, குடும்பத்தில் யாருக்காவது குடிப்பழக்கம் இருந்ததா என்ற கேள்வி படிவத்தில் வந்தது. எல்லா ஆண்டும் இருக்கும் கேள்விதான். எல்லா ஆண்டும் 'இல்லை' என்ற கட்டத்தில்தான் குறி போடுவேன். பேனா வழக்கம்போல அங்கேயே போயிற்று. பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண், "அம்மா, சின்னத் தாத்தா?" என்றாள். அடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் குறித்தேன்.